எழுதியாயிற்று என்றது திரை

1

போட்டேன். என் கையால் போட்டேன். இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றைப் போட்டேன். போட்டபிறகு திரும்பக் கூப்பிட்டும் பார்த்தேன், ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் இது என்ன?

அன்னக்கொடி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள்ளும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. ‘அப்படியானால்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மீதியை முடித்தது நான்.

கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்தெட்டாம் வருடம், ஆயுத பூசை கழிந்த வாரம். திருநகர் போகும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அந்தப் பையின் மேல் அவளுடைய வலதுகை விரல் ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது, ஒரே இடத்தில். தட்டுவாள், நிறுத்துவாள், தட்டிய இடத்தைக் குனிந்து பார்ப்பாள். நம்பாதவள்போல மறுபடி தட்டுவாள். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால், வீடு இருந்த இடத்தில் வெறும் தரை மட்டும் இருக்கிறது. அப்போது ஒருத்திக்கு முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பசுமலையில் இறங்கிப் போய்விட்டாள்.

என்னிடம் இருந்தது அவ்வளவுதான், ஒரு விரலும் ஒரு முகமும். அன்னக்கொடி என்ற பெயர், மில், செல்லக்கிளி, எல்லாம் நான் போட்டவை. போட்டதெல்லாம் நிற்குமா என்பது வேறு விஷயம்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம் தாண்டி ஒரு நூல் மில்லில் அன்னக்கொடி என்று ஒரு

வேண்டாம். ‘என்று ஒரு’ என்று ஆரம்பித்தவுடன் அவள் தூரமாகப் போய்விடுகிறாள்.

கம்ப்யூட்டர் அறைக்குள் எப்போதும் மார்கழி மாதம். வெளியே சித்திரை வெயிலில் பஞ்சு மூட்டைகள்

இதுவும் பாதியில் நிற்கட்டும். ஏசி அறையை வர்ணிக்கும் ஆசையில் எழுதியது.

வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒரே வாசலில்

இதிலிருந்து வாக்கியத்தை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நடந்ததைச் சொல்ல இவர்கள் வேண்டும்.

மில் வாங்கியது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் வேறு யாரோ பயன்படுத்திக் கழித்தது. அந்த ஒன்றுக்குள்ளேயே தனித்தனியாக இரண்டு கம்ப்யூட்டர்கள் ஓடுவதுபோல ஓர் ஏற்பாடு: ஒன்று நூல் கணக்குக்கு, இன்னொன்று ஆட்கள் கணக்குக்கு. உள்ளே ஓடும் இந்த இரண்டுக்கும் விருந்தாளி என்று பெயர். இரண்டையும் தாங்கி நிற்கிற நிஜமான இயந்திரம் வீட்டுக்காரன். விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்பது தெரியாது. தானே முழு இயந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். “இதை டிஸ்க்கில் எழுது” என்று சொல்லும். மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்கவேண்டியதை எழுதிவைக்கிற காந்தத் தட்டுதான் டிஸ்க். வீட்டுக்காரன் அதை வாங்கித் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, “எழுதியாயிற்று” என்று உடனே பதில் சொல்லிவிடுவான். கை ஒழிந்தபோதுதான் நிஜமாக எழுதுவான். டிஸ்க் மெதுவானது, அதற்காக எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டாமே என்று செய்தது.

ஞாபகத்தில் இருப்பதற்கு மின்சாரம் இருக்கும்வரைதான் ஆயுசு.

(கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, எல்லா இயந்திரமும் இப்படிப் பொய் சொல்லாது, ஒழுங்கானது எழுதிவிட்டுத்தான் பதில் சொல்லும் என்றார். சரி. இந்த மில்லில் இருந்தது ஒழுங்கானதல்ல. வேகம் போதவில்லை என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுத்ததற்காக வெளியூரிலிருந்து ஆள் வந்து கைவைத்துவிட்டுப் போனது.)

3

ஆயுத பூசைக்கு முதல்நாள் காலை. அன்று மில்லில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கும் உண்டு.

அன்னக்கொடிக்கு அதற்குள் ஒரு வேலை இருந்தது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் பதிலியாக இருந்த பெண்கள் சிலரை நிரந்தரமாக்க உத்தரவு வந்திருந்தது. பதிலி என்றால், நிரந்தர வேலையில் இருப்பவர் யாராவது வராத நாளில் அந்த இடத்துக்குக் கூப்பிடப்படுகிறவள். காலையில் கேட்டில் வந்து நிற்கவேண்டும். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். பூசைக்கு முன்னால் யார் யார் கம்ப்யூட்டரில் நிரந்தரம் என்று ஏறுகிறார்களோ அவர்கள் மட்டும். பூசைக்குப் பிறகு ஆள் எடுப்பதே கிடையாது. உத்தரவு அப்படி.

அன்னக்கொடி காலையிலேயே உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் மாற்றி முடித்தாள்.

செல்லக்கிளி தேநீர் இடைவேளையில் வந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

“ஏத்தா, இந்தப் பொட்டிக்குள்ளயா என் பேரு இருக்கு?”

“செருப்பக் கழட்டிட்டு வாங்கக்கா. இந்தா, இதான் ஒங்க பேரு.”

“இங்கிலீசுல இருக்கு. வேற எவ பேரக் காட்டி ஏமாத்துனாலும் எனக்கு என்ன தெரியப்போகுது?”

“ஒங்க டோக்கன் நம்பரு தெரியும்ல? அதுக்கு நேரா என்ன இருக்கு, சொல்லுங்க.”

“ரெண்டு.”

“ரெண்டுன்னா பதிலி. இப்பப் பாருங்க.” ஒரு தட்டு.

“ஒண்ணு.” செல்லக்கிளி மூச்சு விடாமல் கேட்டாள். “ஒண்ணுன்னா?”

“ஒண்ணுன்னா இனிமே கேட்ல வந்து நிக்க வேண்டியதில்ல.”

செல்லக்கிளி விரலை நீட்டி அந்த ஒன்றைத் தொட்டாள். திரைக் கண்ணாடியிலிருந்து சுருக்கென்று ஏதோ ஏறிப் புறங்கை முடியெல்லாம் நின்றது. “யாத்தே, கடிக்குது!” என்று கையை உதறிக்கொண்டு சிரித்தாள். “எம்புட்டு வருசமா நின்ன காலுத்தா இது. இம்புட்டூண்டு ஒண்ணுக்கா நின்னேன்?”

“மொதச் சம்பளத்துல எனக்கு அல்வா.”

“அல்வா என்ன, கெடாயே வெட்டுறேன் ஒனக்கு.”

“எனக்கு வெட்டாதீங்க. சாமிக்கு வெட்டுங்க, நான் வந்து சாப்டுக்கிறேன்.”

அன்னக்கொடி பொத்தானை அழுத்தினாள். எழுதியாயிற்று என்றது திரை. (அது ஆங்கிலத்தில் சொன்னது. நான் தமிழில் போட்டிருக்கிறேன்.) திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்று. முறைப்படி தன் விருந்தாளியை மூடினாள். முடிந்தது என்றது.

செல்லக்கிளி வெளியே போகவும், ஆட்கள் விஷயத்தைக் கவனிக்கும் பெர்சனல் ஆபீசர் நல்லகாமன் வெறுங்காலோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் கையில் சந்தனக் கிண்ணம். பின்னால் எலக்ட்ரீசியன்.

“ராகுகாலம் வந்துரும்ப்பா. அணைங்க, அணைங்க.”

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைத்துரை வீட்டுக்காரனின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். “சார், என் பக்கம் இன்னும் மூடல. செத்த நேரம்...”

“அன்னக்கொடி, ஒன்னோடது முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு சார்.”

“அவளோடதே முடிஞ்சிருச்சு, ஒனக்கு மட்டும் என்னப்பா தனியா? ஓடுற மெஷினுக்கு எவனாச்சும் பொட்டு வைப்பானா? சாமி குத்தமாயிரும்.” எலக்ட்ரீசியனைப் பார்த்துத் தலையாட்டினார்.

மெயின் சுவிட்ச் இறங்கியது. ஏசி நின்றது. அறைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரைச்சல், இருந்ததே தெரியாமல் இருந்தது, கீழே கீழே இறங்கி ஒன்றுமில்லாமல் போனது. வெள்ளைத்துரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லகாமன் பக்தியோடு பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் சந்தனம் பூசினார். பொரி கடலை வந்தது.

4

பூசை விடுமுறை முடிந்து மில் திறந்த அன்று அன்னக்கொடி விருந்தாளியை எழுப்பினாள். நிரந்தரமானவர்களின் பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை கண்ணால் ஓட்டினாள்.

செல்லக்கிளியின் டோக்கனுக்கு நேராக இரண்டு.

இந்த இடத்தை நான் பலமுறை எழுதிக் கிழித்தேன். ‘அதிர்ச்சியில் உறைந்தாள்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், அவளுக்குப் பொருந்தாது. அவளுக்கு முதலில் வந்தது ஒருவகை வெட்கம். குளித்துவிட்டு வெளியே வந்தபின் சேலை கட்டினோமா என்று சந்தேகம் வந்ததுபோல. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு வேறு பெயரைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாள். இல்லை. பழைய பட்டியலைத் திறந்துவிட்டோம் என்று நினைத்தாள். இல்லை. மற்ற எல்லாப் பெண்களுக்கும் ஒன்று இருந்தது, வரிசையாக, தெளிவாக. அதற்குப் பிறகுதான் தன் கண்ணைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்தாள். செல்லக்கிளி அக்கா வந்தது நிஜமா? அவள் கையை உதறியது? கெடா வெட்டுகிறேன் என்றது? இவ்வளவும் நான் நினைத்துக்கொண்டதா?

ஒருத்திக்கு நடந்த ஒன்று, அவள் பார்த்த ஒன்று, இன்னொருத்தி தொட்ட ஒன்று. அது உலகத்தில் எங்கேயும் இல்லை. அழிந்த தடம்கூட இல்லை. ஒன்று என்பதே ஒருபோதும் எழுதப்படாததுபோல அந்த இரண்டு அங்கே அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கேட்டில் பெயர் வாசித்தார்கள். செல்லக்கிளி நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். இந்தமுறை செருப்பைக் கழற்றவில்லை.

“தாயி, என் பேர விட்டுட்டு வாசிக்கிறான். வந்து சொல்லு அவன்ட்ட.”

அன்னக்கொடி திரையை அவள் பக்கம் திருப்பினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செல்லக்கிளி பார்த்தாள். முதலில் சிரித்தாள். “போ புள்ள, வெளையாடாத.” பிறகு குனிந்தாள். அந்த இரண்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள், கண்ணாடியில் அழுக்கு ஒட்டியிருப்பதுபோல.

“நான் பாத்தேன்ல?”

“பாத்தீங்கக்கா.”

“ஒண்ணுதான இருந்துச்சு?”

“ஒண்ணுதான்க்கா.”

“அப்பறம் எங்கிட்டுப் போச்சு?” குரல் உயரவில்லை. “மேலூருக்குப் போயி, எந்தம்பி மூஞ்சிக்கு நேரா, இனி ஒந் தயவு வேணாம்டான்னு சொல்லிப்புட்டு என் மகளக் கூட்டியாந்துட்டேன். அங்கன கல்லுக் குவாரியில ஜல்லி ஒடச்சுக்கிட்டுக் கெடந்துச்சு அந்தப் புள்ள. இப்ப வில்லாபுரத்துல என் ரூமுல ஒக்காந்திருக்கு. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

அன்னக்கொடி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

5

இங்கே ஒரு திருத்தம் செய்ய வேண்டும்.

வெள்ளைத்துரை மதியம் அன்னக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். நல்லவன். நான் அவனைக் கெட்டவனாக எழுத முயன்று முடியவில்லை.

“அன்னக்கொடி, நீ போட்ட. எனக்குத் தெரியும். ஆனா அது வீட்டுக்காரன் கையிலயே தங்கிருச்சு. ஒன் விருந்தாளி கேட்டப்ப ஆச்சுன்னு சொல்லிட்டான். டிஸ்க்குல எறக்கல. அதுக்குள்ள மெயின எறக்கிட்டாய்ங்க.”

“நான் திரும்பக் கூப்ட்டுப் பாத்தேன்ண்ணே. ஒண்ணு காட்டுச்சே?”

“அவன் கையில இருந்ததத்தான் காட்டுனான். டிஸ்க்கப் பாத்துட்டா காட்டுனான்? கேக்குற ஒனக்கு வித்தியாசம் தெரியாது.”

“மத்த பேரெல்லாம் எறங்கிருக்கு?”

“முன்னாடி போட்டதெல்லாம் எறங்கிருச்சு. கடைசியாப் போட்டது மட்டும்தான்...” அவன் நிறுத்தினான். “அத ஏன் கடைசியாப் போட்ட?”

மூன்றாம் பகுதியில் ‘எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் மாற்றி முடித்தாள்’ என்று எழுதியிருந்தேன். அது தவறு. அதற்குச் சற்றுக் கீழேயே செல்லக்கிளியின் கண்ணெதிரில் இரண்டு ஒன்றாக மாறியது, நீங்கள் கவனித்திருக்கலாம். அன்னக்கொடி மற்றவர்களை எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, செல்லக்கிளி பெயரை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். அக்கா தேநீர் இடைவேளையில் வருவாள், அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று. எத்தனை வருடம் கேட்டில் நின்ற கால். அது மாறுகிற நேரத்தில் அவளும் பக்கத்தில் இருக்கட்டும் என்று.

அதனால்தான் அது கடைசியாகப் போனது. அதனால்தான் அது மட்டும் போனது.

நான் முன்னால் எழுதியதை அடித்துவிடலாம். அடித்தாலும் உங்களிடம் ஒரு பிரதி ஏறிவிட்டது. நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். நான் இங்கே மாற்றுவது அங்கே மாறாது. என் பக்கம் திருத்திய கதை, உங்கள் பக்கம் திருத்தாத கதை, இரண்டும் ஒரே கதை என்று இருவரும் நம்பிக்கொண்டிருப்போம். அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

‘அத ஏன் கடைசியாப் போட்ட’ என்ற வெள்ளைத்துரையின் கேள்வி அன்னக்கொடிக்குள் இறங்கி, கீழே தொட்டு, அங்கேயே கிடந்தது. அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் வரும்போதுதான் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஒற்றை விரல் தட்டிய இடம் எதுவென்று இப்போது எனக்குத் தெரிகிறது.

6

மறுநாள் நல்லகாமன் கூப்பிட்டார். மேசை மேல் தட்டச்சு செய்த ஒரு தாள். செல்லக்கிளியின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அன்னக்கொடி மறந்துவிட்டாள், அந்தப் பெயர் எப்போதும் ஏற்றப்படவில்லை, என்று அவளே சொல்வதாக இருந்தது.

“ரீலிங்ல அந்தப் பொம்பள, கண்ணால பாத்தேன் கண்ணால பாத்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுது. ஏறி அழிஞ்சதுன்னா கம்பெனி அவளுக்கு வேல குடுத்துப் புடுங்குன மாதிரி ஆகும். மறந்துட்டேன்னு போட்டுட்டீன்னா பிரச்சன முடிஞ்சுச்சு. ஒனக்கு ஒரு மெமோ, அம்புட்டுத்தான். கல்யாணமாகப் போற புள்ள, ஒன்ன நான் விட்ருவேனா?”

மெயினை இறக்கச் சொன்னது யார் என்பது அந்தத் தாளில் இல்லை.

முடிவுகளைச் சொல்கிறேன்.

முதல் முடிவில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். இதைத்தான் நான் முதலில் எழுதினேன், நன்றாகவும் வந்தது. ஏனென்றால் அவளுக்குள் பாதி ஏற்கனவே போட்டுவிட்டது. குற்றம் தன்னுடையது என்று நம்புகிறவளுக்கு யாராவது ஒரு குற்றத்தை எழுதி நீட்டினால் அது ஆறுதல்போல இருக்கும். கடைசியாகப் போட்டது நான்தானே, அப்போது மறந்தது என்றால் என்ன, எப்படியும் என்னால்தானே. இந்த எண்ணத்தின் வழியே அவளைக் கையெழுத்துவரை கொண்டுபோய்விடலாம். கொண்டுபோனேன். படித்துப் பார்த்தபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இரண்டாவது முடிவில் ரீலிங் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு

இல்லை. அவர்கள் வரவில்லை. வந்திருக்கலாம்.

மூன்றாவதில் வெள்ளைத்துரை பேசுகிறான். அவனுக்கு இரண்டுமுறை வாய்ப்புக் கொடுத்தேன். இரண்டுமுறையும் கதவருகே நின்று ஜன்னல் பக்கம் பார்த்தான்.

அன்னக்கொடிக்கு என்று ஒரு நீண்ட பேச்சும் எழுதி வைத்திருந்தேன். எது நடந்தது, எது எழுதப்பட்டது, இரண்டுக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம். நல்ல பேச்சு. அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. அந்த அறையில், அந்த மனிதருக்கு முன்னால், அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

செல்லக்கிளிக்கு வேலை கிடைத்ததா, மகளை என்ன செய்தாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் அது நடந்ததாக எடுத்துக்கொள்வீர்கள். அது உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் ஒன்று என்று போட்டால் ஒன்று, இரண்டு என்று போட்டால் இரண்டு. நான் வந்து சரிபார்க்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். நல்லகாமன் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் தாளின் பக்கத்தில் வைத்தார்.

“போடும்மா.”

அன்னக்கொடி தாளை முழுதும் படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள். இந்த மனிதர் கெட்டவர் இல்லை, இவர் நினைப்பதுபோல எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும், என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியாகப் போட்டது நான்தான் என்றும் தோன்றியது. அது உண்மை. ஆனால் போட்டேன்.

“என்னம்மா யோசன? வேற எடத்துல வேல தேடுறதுன்னா செருப்புத் தேஞ்சு போகும், பாத்துக்க.”

“கடைசியாத்தான் சார் போட்டேன். அது என் தப்புத்தான்.”

“அதான், அதத்தான் எழுதிருக்கு.”

“போட்டேன் சார்.” மெதுவாகத்தான் சொன்னாள். “இதுல போடலன்னு இருக்கு.”

“ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இப்ப அங்க இருக்கா அது?”

“இல்ல சார்.”

“அப்பறம்?”

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பேனாவை எடுத்தாள். நல்லகாமன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“மூடி ஒங்க கையில இருக்கு சார்,” என்று அவள் பேனாவை நீட்டினாள். “காஞ்சு போயிரும்.”